கரண்ட் இருக்கும்போது லைன்மேன் என்ன செய்வார்?

அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘நமக்கு உதவுவோர்’ என்று ஒரு சார்ட் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷனரி கடையில் இதற்கென்றே அச்சடித்த தாள் கிடைக்கும். தபால்காரர், காவலர், மருத்துவர், தச்சர், தூய்மைப் பணியாளர் என்று கட்டம் கட்டமாக ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வெட்டி ஒட்டி, ஒவ்வொருவர் கீழும் அவர் செய்யும் வேலையை ஒரு வரியில் எழுத வேண்டும். அந்தத் தாளில் லைன்மேன் இல்லை. முந்தின வாரம்தான் மழையில் கிளை முறிந்து விழுந்து எங்கள் தெரு ராத்திரி முழுக்க இருட்டில் கிடந்தது. அதனால் அவளே கம்பத்தில் ஒருவர் ஏறி நிற்பதுபோல் வரைந்து, ‘கரண்ட் போனால் சரிசெய்வார்’ என்று எழுதினாள். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “கரண்ட் இருக்கும்போது அவரு என்ன மாமா செய்வாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. உழைப்பாளிகளை மதிக்க வேண்டும் என்று பேசுகிற ஆள்தான் நான். மே தினத்தன்று தவறாமல் வாழ்த்து அனுப்புவேன். ஆனால் நான் யாரை வாழ்த்துகிறேனோ அவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி என்ன செய்கிறார் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து விசாரித்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். உடலுழைப்பை மதிப்பது என்றால் என்ன என்பதுதான் கேள்வி. என் கட்சி இது: ஒரு வேலையின் உள்விவரம் தெரியாமல் அதைக் கும்பிடலாம், மதிக்க முடியாது.

சட்டையின் நிறம்

இந்த வகை வேலைகளுக்கு ‘புளூ காலர்’ என்று ஒரு பெயர் உண்டு. நீலக் கழுத்துப்பட்டி. 1920களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். அங்கே ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்தவர்கள் டெனிம் போன்ற முரட்டு நீலத் துணியில் சட்டை போட்டார்கள். நீலத்தில் கிரீஸும் கரியும் அவ்வளவாகத் தெரியாது, துணியும் சீக்கிரம் கிழியாது. மேசையில் உட்கார்ந்து எழுதியவர்களின் காலர் வெள்ளை. அழுக்குப் படாத வேலை என்பதற்கு அந்த வெள்ளையே சாட்சி. இப்படித்தான் காலரின் நிறம் வேலையின் பெயராகிவிட்டது. (முரட்டு நீலத் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டங்கரீ’ என்ற சொல் மும்பையின் டோங்ரி என்ற இடத்துப் பெயரிலிருந்து போனது. இது கொசுறு.)

நம் ஊர் நிலவரம் வேறு. ஆட்டோ ஓட்டுபவர் காக்கி போடுகிறார், தண்டவாளத்தில் வேலை செய்பவர் ஆரஞ்சு மேல்சட்டை. மூட்டை தூக்குபவருக்கு ஒரு துண்டு. மலக்குழியில் இறங்குபவர் பல நேரம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரையே பொய். அமெரிக்காவில் நீலச் சட்டைக்காரரின் பிள்ளை வெள்ளைச் சட்டைக்கு மாறிவிடலாம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இங்கே யார் எந்த வேலை செய்வது என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சாதி முடிவு செய்தது. அதனால் நம்மிடம் உடலுழைப்பின் மீது இருக்கும் இளக்காரம் வெறும் அழுக்கின் மீதான அருவருப்பு இல்லை. அதற்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது.

சரி, சொல் இருக்கட்டும். இந்த வேலைகள் நம் கண்ணில் படாமல் போவதற்குச் சாதியும் வர்க்கமும் போக இன்னொரு காரணம் இருக்கிறது. அது வேலையின் தன்மையிலேயே உள்ளது. வீடு கட்டினால் வீடு தெரியும், தோசை சுட்டால் தோசை தெரியும். பராமரிக்கிற வேலையில் கிடைக்கும் பொருள் என்று எதுவும் கிடையாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் பலன். ஆவணியில் தூர்வாரிய கால்வாயை ஐப்பசியில் யாரும் போட்டோ எடுப்பதில்லை. தண்ணீர் தேங்கிய தெருவைத்தான் எடுக்கிறோம். இதைப் புரிந்துகொள்ள, நாம் தினமும் மேலே உட்கார்ந்து போகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கீமேன் நடக்கும் தூரம்

ரயில்வேயில் ‘கீமேன்’ என்று ஒரு வேலை உண்டு. சாவிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. தண்டவாளத்தை அடிக்கட்டையோடு இறுக்கிப் பிடித்த ஆப்புக்கு ‘கீ’ என்று பெயர். அதைத் தட்டி இறுக்கியவர் கீமேன். இப்போது பெரும்பாலும் ஆப்புக்குப் பதில் வளைந்த எஃகு கிளிப் வந்துவிட்டது, கட்டையும் கான்கிரீட் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பழசாகவே நிற்கிறது.

ஒவ்வொரு கீமேனுக்கும் சில கிலோமீட்டர் தண்டவாளம் பொறுப்பு. தினமும் ஒரு முறை அதை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தை ஒட்டிப் போனால், திரும்பும்போது மறுபக்கத் தண்டவாளத்தை ஒட்டி வர வேண்டும். இது ரயில்வே கையேட்டில் உள்ள விதி. தோளில் நீளமான சுத்தியல், பையில் ஸ்பேனர், உதிரி கிளிப்புகள், சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள், ஒரு டப்பாவில் எச்சரிக்கை வெடிகளான டெட்டனேட்டர்கள். ஜல்லி மேல் நூறு அடி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் திரும்பும். இவர் அதன் மேல் நடந்துகொண்டே கழன்ற கிளிப், தளர்ந்த போல்ட், சரிந்த ஜல்லி, வெல்டிங்கில் ஓடும் முடி கனத்த விரிசல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தட்டும்போது எழும் ஓசையிலேயே எது இறுக்கம், எது தளர்வு என்று பழகிய காதுக்குத் தெரிந்துவிடும்.

தினமும் எதற்கு? நேற்றுப் பார்த்த இரும்பு இன்றைக்குள் என்ன ஆகிவிடும்? நிறைய ஆகும். இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்று பள்ளியில் படித்ததுதான். கணக்குப் போட்டால்தான் அதன் தீவிரம் புரியும். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால், தடை ஏதும் இல்லாவிட்டால், சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். ஏறக்குறைய முக்கால் முழம். விடியற்காலைக்கும் சித்திரை மாத மத்தியானத்துக்கும் நடுவே தண்டவாளத்தின் சூடு அவ்வளவு மாறுவது சாதாரணம். வெயிலில் கிடக்கும் இரும்பு காற்றைவிட அதிகமாகக் காயும் என்பது மொட்டை மாடிக் கம்பியைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.

முன்பு சில மீட்டருக்கு ஒரு இணைப்பு வைத்து, நடுவே விரலளவு இடைவெளி விட்டு அந்த நீட்சிக்கு இடம் கொடுத்தார்கள். ‘தடக் தடக்’ என்று நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அந்த இடைவெளிகளின் மேல் சக்கரம் ஏறி இறங்கியதுதான். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து மிக நீளமாக ஆக்கிவிட்டார்கள். சத்தம் போய்விட்டது, பயணம் மென்மையாகிவிட்டது. நீட்சி மட்டும் எங்கும் போகவில்லை. நீள முடியாத இரும்பு அதை உள்ளுக்குள் அழுத்தமாக வைத்துக்கொண்டு கிடக்கிறது. ஜல்லியும் கட்டையும் கிளிப்பும் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. உச்சி வெயிலில் எங்காவது ஜல்லி தளர்ந்திருந்தால் தண்டவாளம் பாம்பு நெளிந்ததுபோல் பக்கவாட்டில் வளைந்துவிடும். குளிர்ந்த விடியற்காலையில் நிலைமை தலைகீழ். இரும்பு சுருங்கப் பார்க்கும், முடியாது, பலவீனமான வெல்டிங் இருந்தால் அங்கே பட்டென்று முறியும். அதனால்தான் கோடையில் பகலில் ஒரு ரோந்து, குளிர்காலத்தில் இரவில் ஒரு ரோந்து, மழைக்காலத்தில் ஆற்றுப் பாலங்களுக்கும் கரைகளுக்கும் இன்னொரு ரோந்து என்று வைத்திருக்கிறார்கள்.

முறிந்த தண்டவாளத்தைக் கண்டால் கீமேன் என்ன செய்வார்? பழுதுபார்க்கக் குனிய மாட்டார். முதலில் ஓடுவார். ரயில் வரக்கூடிய திசையில் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே ஓடி, அகலப்பாதையாக இருந்தால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரைத் தண்டவாளத்தின் மேல் பொருத்துவார். மறுபடி ஓடி, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறியதும் அது வெடி போல் வெடிக்கும், சத்தம் கேட்டு ஓட்டுநர் பிரேக் போடுவார். எதற்கு அவ்வளவு தூரம்? மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 1,200 மீட்டரை 40 நொடிக்குள் தாண்டிவிடும். நிற்கவும் அதற்கு நெடுந்தூரம் வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், ஜல்லி மேல், பையோடு, ரயிலுக்கு எதிராக ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். வண்டியை நிறுத்திய பிறகுதான் பழுது.

தண்டவாளத்தின் உள்விரிசலை ஒலி அலை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டது. பாதையின் அமைப்பை அளக்கத் தனி வண்டிகளே ஓடுகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் அவை தினமும் எல்லா இடத்துக்கும் வருவதில்லை. நேற்று இரவு யாரோ கழற்றிப் போட்ட கிளிப்பை இன்று காலை நடந்து வருபவர்தான் பார்க்கிறார்.

இப்படி முப்பது வருடம் நடந்து ஓய்வு பெறும் ஒருவரிடம் ‘என்ன சாதித்தீர்கள்’ என்று கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒழுங்காக வந்து போன வண்டிகள்தான். அவற்றை எண்ணிக் கணக்கு வைத்தவர் யாருமில்லை.

அக்கா மகளின் கேள்விக்கு வருவோம்

கரண்ட் இருக்கும்போது லைன்மேன் செய்வது பெரும்பாலும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. நாளிதழில் ‘நாளைய மின்தடை’ என்று ஒரு கட்டம் வரும், மாதாந்திரப் பராமரிப்பு என்று போட்டிருக்கும். நாம் அதை எரிச்சலோடு படித்துவிட்டு மாவு அரைப்பதை முன்னாடியே முடித்துக்கொள்வோம். அன்றைக்கு அவர்கள் கம்பியை உரசும் கிளைகளை வெட்டுகிறார்கள். கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல் விட்டதை மாற்றுகிறார்கள். தொங்கிப்போன கம்பியை இழுத்துக் கட்டுகிறார்கள். டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

டிரான்ஸ்பார்மர் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. அது மூச்சு விடும். பகலில் சுமை ஏறி உள்ளே எண்ணெய் சூடானால் விரியும், காற்று வெளியே போகும். குளிர்ந்தால் சுருங்கும், காற்று உள்ளே வரும். வரும் காற்றில் ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் மூச்சுக்குழாயில் ஒரு சின்னக் கூண்டு வைத்து, அதில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளைப் போட்டிருப்பார்கள். பல இடங்களில் அந்த மணிகள் காய்ந்திருக்கும்போது நீலம், ஈரம் ஏறிவிட்டால் வெளிர் சிவப்பு. நிறம் மாறிய மணிகளை யாராவது கவனித்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. ஒரு நாள் டிரான்ஸ்பார்மர் வெடிக்கும், அன்றைக்கு எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டுவோம்.

கரண்ட் போன பிறகு நடப்பதும் நாம் நினைப்பதுபோல் ‘ஏறினார், இணைத்தார்’ இல்லை. ஊருக்குள் ஓடும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். முதலில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்க, மழையில் டார்ச் அடித்துக்கொண்டு கம்பம் கம்பமாகப் பாதையை நடந்து பார்க்க வேண்டும். கண்டுபிடித்ததும் துணைமின்நிலையத்துக்குப் பேசி ‘எல்சி’ வாங்க வேண்டும். லைன் கிளியர், அதாவது ‘இந்தப் பாதையில் இப்போது மின்சாரம் இல்லை, நான் திருப்பித் தரும்வரை யாரும் போடக் கூடாது’ என்ற அனுமதி. அப்புறம் அருகில் கம்பத்தின் மேல் உள்ள ஏபி ஸ்விட்ச் என்ற பெரிய ஸ்விட்சைத் திறந்து பாதையைப் பிரிக்க வேண்டும். அதன் பிறகும் ஏறக் கூடாது. வேலை செய்யப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்டு, கம்பிகளை நிலத்தோடு இணைத்த பிறகுதான் கை வைக்கலாம்.

மின்சாரத்தைத்தான் நிறுத்தியாகிவிட்டதே, எர்த் எதற்கு? இங்கேதான் நாம் வருகிறோம். கரண்ட் போனதும் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரைப் போடுகிறார். முறையான மாற்று ஸ்விட்ச் வைக்காமல் நேராக வயரிங்கில் கொடுத்திருந்தால், அந்த மின்சாரம் கடையோடு நிற்காமல் தெருக் கம்பி வழியே டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் கருவி. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தருவதுபோலவே, வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் 230 வோல்ட்டை 11,000 ஆக உயர்த்தி மேலே அனுப்பிவிடும். மேலே இருப்பவர் ‘மின்சாரம் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏறியவர். அவரைக் கொன்றவர் யார் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.

லைன்மேனை மதிக்க வேண்டும் என்று விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது தன் வீட்டு ஜெனரேட்டருக்கு மாற்று ஸ்விட்ச் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பதுதான். கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் துணிக்கொடி கட்டாமல் இருப்பது அடுத்தது. மாலை, பொன்னாடை எல்லாம் அப்புறம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் வாரக்கணக்கில் இருட்டு. மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். வண்டி இறங்க முடியாத சேற்று வயல்களில் கான்கிரீட் கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அப்போது ஊர்க்காரர்கள் தங்களுக்கே இல்லாத சோற்றை அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் டெல்டாவில் லைன்மேனின் வேலை என்ன என்று எல்லோருக்கும் கண்ணால் தெரிந்தது. தெரிந்தபோது மரியாதை தானாக வந்தது.

‘திறன் வேண்டாத’ வேலை

குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் அரசுப் பட்டியல்களில் தொழிலாளர்களைத் திறனற்றவர், ஓரளவு திறன் உள்ளவர், திறனாளர் என்று பிரித்திருப்பார்கள். கூலிக் கணக்குக்கு ஏதோ ஒரு பிரிவு வேண்டும், புரிகிறது. ஆனால் ‘திறனற்றவர்’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. நம்பாததற்கு ஒரு மொட்டை மாடி காரணம்.

வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் ‘திறனாளர்’. மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் என்று அவரிடம் கருவிகள் இருக்கின்றன. அறைக்குச் சதுர மூலை வேண்டுமென்றால் ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். பிதாகரஸ் பெயர் தேவைப்படாது. இந்தத் திறமையை எல்லோரும் ஒத்துக்கொள்வோம்.

சித்தாள்? தலையில் சும்மாடு வைத்துச் சட்டி சுமப்பவர், ‘திறனற்றவர்’. சிமெண்ட்டில் தண்ணீர் சேர்ந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்திலேயே கலவை இறுக ஆரம்பிக்கும். ஒரு பகுதியில் கொட்டிய கான்கிரீட் இறுகுவதற்குள் அதையொட்டி அடுத்தது வந்து விழ வேண்டும். தாமதமானால் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவே ஒரு மெல்லிய பிளவு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மழைக்காலம் கழித்து அந்தக் கோட்டில்தான் தண்ணீர் கசியும். ஆகவே சாரத்தில் ஏறி, சட்டியைச் சிந்தாமல் கைமாற்றி, காலிச் சட்டியைத் திருப்பிப் போட்டு, காலையிலிருந்து கடைசிச் சட்டி வரை ஒரே வேகத்தில் ஓட்டுகிற அந்த வரிசைதான் கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பதை முடிவு செய்கிறது. நடுவில் ஒருவர் தடுமாறினால் வரிசை முழுக்கத் தடுமாறும். யார் யார் பக்கத்தில் நிற்பது, எப்போது மாற்றிக்கொள்வது என்பதையெல்லாம் அவர்களே பேசி வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பட்டியலில் பெயர் இல்லை.

அப்புறம் கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது ஏழு நாள் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் பெரும்பாலும் சித்தாளின் வேலைதான். கிரகப்பிரவேசத்துக்கு வேட்டி, சட்டை எடுத்துக்கொடுத்துக் கொத்தனாரை உட்காரவைத்து மரியாதை செய்கிறோமே, அந்த வரிசையில் சித்தாள்கள் நின்று நான் அதிகம் பார்த்ததில்லை.

பெயர் மாறினால் போதுமா?

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020இல் தமிழக அரசு ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. நல்லதுதான். பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையுறை, காலணி, நேரத்துக்குச் சம்பளம், வேலை நிரந்தரம் இவற்றின் இடத்தைப் பெயர் நிரப்பாது. மனிதர் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் பாதாளச் சாக்கடையில் இறக்குவதையும் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டி வருகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்கு லாரியை வரவழைப்பதற்குப் பதில் ‘ஒரு ஆள் இறங்கினால் சீக்கிரம் முடியும்’ என்று நினைக்கிற இடத்தில் நம்மில் ஒருவர்தான் இருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், குப்பைக் கூடைக்கு வருவோம். உடைந்த டம்ளரை அப்படியே கவரில் போட்டுக் கட்டிவிட்டால் அதை முதலில் கண்டுபிடிப்பது இன்னொருவரின் உள்ளங்கை. கனமான தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுத அரை நிமிடம். நாப்கின், டயாபர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பதைச் சுற்றுச்சூழலுக்காக என்று மட்டும் நினைக்கிறோம். பிரிக்காத குப்பையை அள்ளிக்கொண்டு போன பிறகு இன்னொருவர் கையால் பிரிக்கிறார் என்பதும் அதில் இருக்கிறது.

இன்னொன்று பேச்சு. அப்பா வயதுக்காரரை ‘வாப்பா, போப்பா’ என்பதும், குடிக்கத் தண்ணீர் கேட்டால் அடுப்படியில் ஓரமாக ஒதுக்கி வைத்த டம்ளரைத் தேடுவதும் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ‘அண்ணே, வாங்க’ என்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் பேசிய கூலியைக் குறைக்கப் பார்க்காமல், ‘நாளைக்கு வாங்கிக்கோ’ என்று அலையவிடாமல் கொடுப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

இவையெல்லாம் தனிமனித நல்லெண்ணம். அது ஓரளவுக்குத்தான் போகும். நம் மாநிலத்தின் வரலாற்றைப் பார்த்தால், மரியாதை பெரும்பாலும் கேட்டு வாங்கியதாகவே இருக்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றவர். அங்கே எழுந்த ஆரம்பக்காலக் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, உட்கார்ந்து சோறு சாப்பிட நேரம். ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். மெரினா கடற்கரையில் 1959இலிருந்து உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நாம் அதன் முன்னால் நின்று சுண்டல் சாப்பிடுகிறோம்.

உட்காருவது என்றதும் 2021 நினைவுக்கு வருகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்ததை மாற்ற, கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும் என்று தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. கேரளத்தில் பெண் ஊழியர்கள் போராடி 2018இலேயே அதைக் கொண்டுவர வைத்திருந்தார்கள். ஸ்டூல் போடச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று. இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும்.

அக்கா மகளின் சார்ட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. லைன்மேன் படத்துக்குக் கீழே இடம் போதாமல் பின்பக்கத்தில் தொடர்ந்து எழுதினாள். நீல மணிகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் வேறு.

பரீட்சை லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை ரயிலில் போனேன். சோழவந்தான் தாண்டி ஒரு வளைவில், ஆரஞ்சுச் சட்டையில் ஒருவர் சுத்தியலைத் தரையில் ஊன்றி ஒதுங்கி நின்றார். இவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கீமேன் அங்கிள் டாட்டா காட்டவே இல்ல மாமா.”

அவர் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். வண்டி போகும்போது அடியில் எதாவது தொங்குகிறதா, அச்சு சூடாகிப் புகை வருகிறதா என்று கடைசிப் பெட்டி வரைக்கும் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ பரவால்ல” என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.